சார்ஜருக்கு இடம் பார்க்க எங்களோடு நின்ற திருகோணமலைக்காரருக்கு நன்றி

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் மின்சார வாகனங்களுக்கான பொதுச் சார்ஜர்களை எங்கெங்கே வைக்கலாம் என்று பார்க்கும் வேலை முடிந்துவிட்டது. அறிக்கையை உள்ளூராட்சி சபையிடம் கையளித்துவிட்டோம். அட்டையில் எங்கள் சிறு குழுவின் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி, அந்தந்த இடத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தது. அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

இந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பலர் மின்சார வாகனத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் புது வாகனங்களும் வரத் தொடங்கின. ஆனால் கொழும்பிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணையைத் தாண்டிய பிறகு மட்டும் 85 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். 24 கிலோவாட் மணி பற்றரியோடு ஜப்பானிலிருந்து வந்து, இத்தனை வருடம் ஓடித் தேய்ந்த பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் கந்தளாயைத் தாண்டும்போதே ஓட்டுபவரின் கண் மீற்றரில்தான் இருக்கும். இங்கே வந்து சேர்ந்தால் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும்.

முதல் நன்றி, லைன் வேலையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்கு. சந்தையைச் சுற்றிய பகுதியில் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே ட்ரான்ஸ்போமர் நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் கம்பத்தடியில் நின்று மேலே அண்ணாந்து, கம்பி போகும் வழியை விரலால் காட்டிக்கொண்டே நடந்தார். "இதைப் பார்த்து மயங்காதேங்கோ தம்பி. இந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கரண்ட் அங்கால இருந்துதான் வருது. நீங்கள் நிற்கிறது லைனின்ர கடைசி."

லைனின் கடைசியில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அவரே பொறுமையாக விளக்கினார். இங்கே வீட்டுக்கும் கடைக்கும் வரும் கரண்ட் 230 வோல்ட். அது ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். பின்னேரம் எல்லாக் கடையிலும் விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும்போது, கடைசிக் கம்பத்தில் அது முதலே தாழ்ந்துதான் நிற்கும். அந்த இடத்தில் 50 கிலோவாட் விரைவுச் சார்ஜர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினால், 100 கேவிஏ வரை தாங்கும் ட்ரான்ஸ்போமரின் பாதிச் சுமையை ஒரே ஒரு கார் இழுத்துவிடும். பக்கத்துக் கடைக்காரரின் ஐஸ்கிறீம் பெட்டி நிற்கும்போது திட்டு யாருக்கு விழும் என்று யோசியுங்கள் என்றார். அதனால் அங்கே விரைவுச் சார்ஜர் வேண்டாம், 7 கிலோவாட் அளவிலான சாதாரணச் சார்ஜர்கள் இரண்டு போதும் என்று எழுதினோம். ஒரு மணி நேரம் சந்தைக்குள் நின்று வருகிறவருக்கு அது ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடக் கொடுக்கும். நகருக்குள் ஓடுகிறவருக்கு அது தாராளம்.

அடுத்த இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அந்த முட்டலிலிருந்துதான் அறிக்கையின் மிக நல்ல பக்கம் பிறந்தது.

அதே தரிப்பிடத்தின் ஓரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அக்கா, மாரி மழைக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று தன் கடைச் சுவரில் காட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்து, கறை படிந்த கோடு, என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊருக்கு வந்தால்தான் அது தெரியும். நாங்கள் அளந்தது நல்ல வெயிலில். சரி, அப்படியானால் அரை ஆள் உயரத்துக்கு மேடை கட்டி அதன் மேல் சார்ஜரை வைப்போம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியில் எங்களோடு வந்திருந்த சகோதரி அந்த மேடை வரப்போகும் இடத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கையை உயர்த்திக் காட்டினார். "என்ர கை இவ்வளவுதான் எட்டும். தண்ணிக்கு நீங்கள் உயர்த்துறது சரி. பிளக்கை நான் எப்படி எடுக்கிறது?"

அவருடைய விரல் நுனி நின்ற இடத்தில் சோக்கால் கோடு போட்டோம். கடைச் சுவரின் தண்ணீர்க் கோட்டையும் அதே கம்பத்துக்குக் கொண்டுவந்து கீறினோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்த இடம். கரண்ட் பெட்டியும் உள்ளே இருக்கும் ஆளியும் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். பிளக்கும் திரையும் அவர் கைக்கு எட்ட வேண்டும். மேடை கட்டாமல் தரிப்பிடத்தின் அந்தப் பகுதியையே சரிவாக உயர்த்தலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. அதோடு, விரைவுச் சார்ஜரின் தடித்த கேபிளை உட்கார்ந்தபடி தூக்குவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் சொன்னார். கேபிளின் பாரத்தைத் தாங்கும் கை ஒன்று மேலே இருக்க வேண்டும் என்பது அறிக்கையில் அவருடைய வரி. மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு என்றால் கடைசியில் ஒரு படத்தை ஒட்டிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே அப்படி ஆகாமல் போனதற்கு அவர்தான் காரணம்.

நிலாவெளி வீதியில் விடுதி நடத்தும் நானா ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் எங்களைக் கடல் பக்கத்துச் சுவருக்குக் கூட்டிப்போய் ஏசியின் வெளிப்பெட்டியைக் காட்டினார். அதன் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டார். அவை தூளாகக் கொட்டின. உப்புக்காற்று படும் பக்கத்தில் எந்தப் பெட்டியும் இப்படித்தான் என்றார். கட்டடத்தின் மறுபக்கம், வீதியைப் பார்த்த சுவரில் இருந்த அதே வயதுப் பெட்டி நன்றாகவே இருந்தது. கடற்காட்சி நன்றாக இருக்கிறது என்று கடற்கரையோரம் குறித்திருந்த இடத்தை அன்றே வீதிப் பக்கம் நகர்த்தினோம். கூரை வேண்டும், ஆணியும் நட்டும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தோம்.

இன்னொரு விஷயமும் அவருடைய வாயிலிருந்துதான் வந்தது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் அங்கே ஆட்கள். பகல் முழுக்கக் கடலில் நின்றுவிட்டு, இருட்டியதும் அறைக்கு வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பிளக்கைச் செருகுவார்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாடு முழுக்க மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் விடுதிகளுக்கு அப்போது கட்டணமும் அதிகம். விடியும்வரை கார் சும்மா நிற்கிறதுதானே, 10.30க்குப் பிறகு தானாக ஏறத் தொடங்கும் சார்ஜர் போதும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினோம்.

கோணேசர் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவமும் தொல்பொருள் சட்டமும் இருக்கும்போது கேபிள் புதைக்கக் குழி வெட்டுவது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. ஆகவே கோட்டை வாசலுக்கு வெளியே பார்த்தோம். அப்போது பெரியவர் ஒருவர், சிவராத்திரியை ஒட்டி சுவாமி நகர்வலம் வரும் வீதிகளை எங்களோடு நடந்து காட்டி, சுவாமியின் வாகனம் திரும்பும் மூலைகளில் எந்தக் கம்பமும் வரக்கூடாது என்று விளக்கினார். எங்கள் குழுவில் இருந்த பொறியியல் பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி. ஐயா, உங்களுக்குக் கைகூப்பி நன்றி.

பேருந்து நிலையப் பக்கத்து ஓட்டோ அண்ணன்மாருக்கும் சொல்ல வேண்டும். தங்கள் நிற்குமிடம் பறிபோகுமோ என்ற கவலை அவர்களுக்கு இருந்தது, நியாயமான கவலை. அப்படியிருந்தும் எந்த வாகனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எங்களுக்காகக் கொப்பியில் குறித்துத் தந்தார்கள். மின்சார ஓட்டோவுக்குப் பெரிய சார்ஜரே தேவையில்லை, பூட்டு போட்ட 15 அம்பியர் பிளக் வரிசை ஒன்று இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் கேட்டதை அறிக்கையின் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தோம். சபை வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

தன் லீஃப் காரை எங்களுக்குத் தந்த ஆசிரியருக்கும் நன்றி. அதன் சார்ஜிங் வாய் மூக்கில் இருக்கிறது. புதிதாக வரும் பல கார்களுக்குப் பக்கவாட்டில். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் முன்னாலும் பின்னாலும் விட்டுப் பார்த்தபோதுதான் கேபிள் எவ்வளவு நீளம் வேண்டும் என்பது தெரிந்தது. பழைய ஜப்பான் கார்களின் சாடெமோ பிளக்கும் புதுக் கார்களின் சிசிஎஸ்2 பிளக்கும் வேறு வேறு. விரைவுச் சார்ஜர் வைப்பதென்றால் இரண்டும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே.

வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்து வந்து பேசிய தாதியர், புகையிரத நிலையத்தில் இரவு ரயிலுக்கு வாகனத்தை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொன்ன ஊழியர், "கிண்ணியாவை மறந்திராதீங்க" என்று பாலத்தைத் தாண்டி வந்து சொல்லிப்போன தம்பி, கேள்வித்தாளை இரண்டு மொழியிலும் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போன மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. கிண்ணியாவும் மூதூரும் இந்த முறை எங்கள் எல்லைக்குள் வரவில்லை. அடுத்து அங்கேதான் தொடங்க வேண்டும் என்று சபையிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சபை அனுமதி தந்து, ஒப்பந்தக்காரர் குழி வெட்ட வரும் நாளை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்போம். தேத்தண்ணிக் கடை அக்கா, சக்கர நாற்காலிச் சகோதரி, லைன் ஐயா மூவரும் கட்டாயம் வாருங்கள். சார்ஜரின் உயரத்தை உங்கள் முன்னால் அளந்த பிறகுதான் கொங்கிறீற் போட வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
இடத்தேர்வுக் குழுவின் சார்பில்,
திருகோணமலை