அட்டை செல்லாது என்ற புரளி

ஆசிரியருக்கு,

கேரளாவில் இருக்கும் எங்கள் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்போது ஒரே பேச்சு, தேர்தல் முடியும்வரை அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லாதாம். மேடையில் ஒரு தலைவர் போகிற போக்கில் சொன்னதை டிவிக்காரர்கள் கீழே ஓடவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் மலையாளத்திலும் தமிழிலும் குரல் பதிவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்து லயத்துப் பாட்டிக்கு முட்டி அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். கைக்காசு கட்டச் சொல்வார்களோ என்று பயந்து போகாமல் இருந்துவிட்டார், அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்.

இந்த அட்டை கேரள அரசின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டத்துக்கானது. அதில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது புதுத் திட்டம் அறிவிக்கத்தான் தடை, ஏற்கெனவே நடக்கிற திட்டம் நிற்காது. ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் போதும். அதை விட்டுவிட்டு இரண்டு கட்சிக்காரர்களை உட்காரவைத்துக் கத்தவிடுவது என்ன செய்தி? கோபமாக வருகிறது.

தலைவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. இங்கே ராத்திரி நெஞ்சுவலி வந்தால் ஒன்று கோட்டயத்துக்கு மலையிறங்க வேண்டும், இல்லையென்றால் குமுளி எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் தேனிக்கு ஓட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் இந்த அட்டையை எடுப்பார்கள் என்று ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்டு எழுதுங்கள். அப்புறம், அட்டை பற்றிய மறுப்பை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் லயத்தில் எல்லாரும் பேப்பர் பார்ப்பார்கள்.

ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு