நெடுந்தீவுச் சுற்றுலா: முதலில் படகு நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகள் யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லும்போது நெடுந்தீவுக் கோட்டையையும் பார்க்க விரும்புவது வரவேற்கத்தக்கது. ஆனால், நிகழ்ச்சி நிரல்கள் பஸ்ஸின் வசதியை வைத்தே எழுதப்படுகின்றனவேயன்றி, படகின் நேரத்தை வைத்து எழுதப்படுவதில்லை என்பதே எனது குறை.

இரவிரவாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சென்று, காலையில் நல்லூர், பின்னர் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில், அங்கே அன்னதானம், பிற்பகலில் நெடுந்தீவு என ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கிவிடப் பார்க்கிறார்கள். இரண்டு தீவுகளுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தே படகு புறப்படுவதால் இந்த மயக்கம் ஏற்படுகிறது போலும். நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் செல்லவேண்டும். திரும்பி வரும் கடைசிப் படகைத் தவறவிட்டால் அத்தனை பிள்ளைகளுடனும் தீவிலேயே இரவைக் கழிக்க நேரிடும்.

காலமும் முக்கியம். இங்கே கிழக்கில் கச்சான் காற்று அடிக்கும் ஓகஸ்ட் விடுமுறையில் அங்கே சோளகக் காற்று கடலைக் குழப்பும். டிசம்பரிலோ வாடையும் மாரியும். வெயில் கடுமையென்றாலும், கடல் அடங்கியிருக்கும் ஏப்ரலே என் தெரிவு.

அவ்வளவு சிரமப்பட்டுப் போகிறவர்கள் கோட்டையின் முன்னால் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புவது வீண். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை அன்றாடம் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு, நெடுந்தீவின் முருகைக்கற் (பவளக்கல்) சுவர்கள் நல்லதோர் ஒப்பீட்டுப் பாடம். இடிந்த பகுதிகளில் கிட்டச் சென்று பார்த்தால், ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சிகள் விட்டுச்சென்ற நுண்துளைகளும் வரிகளும் தெளிவாகத் தெரியும். அதே கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கி எழுப்பிய வேலிகள் ஊர் முழுவதும் காணப்படுகின்றன. என்னைக் கேட்டால், கோட்டையைவிட அவ்வேலிகளே பார்க்க வேண்டியவை. பெருக்குமரம், புறாக்கூடு, ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து வெளிகளில் திரியும் மட்டக் குதிரைகள் என்பவற்றையும் சேர்த்தால் ஒரு முழுநாள் தேவை.

மற்றுமொன்று: அந்தப் படகு சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுவதன்று. வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் செல்லும் தீவு மக்களுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. 1985 மே 15ஆம் திகதி ‘குமுதினி’ படகில் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்ட கடற்பாதையும் அதுவே என்பதை, ஏறுவதற்கு முன் மாணவருக்குச் சொல்லிவைப்பது ஆசிரியரின் கடமை. ஒரு பாடசாலை முழுவதும் முன்னறிவித்தலின்றி வந்து இருக்கைகளைப் பிடித்துக்கொண்டால், மூட்டையும் கைக்குழந்தையுமாக வரும் தாய் எங்கே உட்காருவார்?

ஆகவே, படகு நேரங்களையும் காலநிலையால் சேவை நிறுத்தப்படும் நாட்களையும் வடக்கின் பொறுப்பான அதிகாரிகள் பத்திரிகைகள் வாயிலாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெருங்குழுக்களுக்குத் தனிப்படகை ஒழுங்குசெய்யும் முறையையும் அவ்வறிவித்தலில் சேர்க்க வேண்டும். கிழக்கின் கல்வி வலயங்கள், படகு ஒழுங்கும் உயிர்காப்பு அங்கிகளும் உறுதிசெய்யப்படாத சுற்றுலா விண்ணப்பங்களுக்கு அனுமதி வழங்கக்கூடாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.