வியாழனுக்கு முன் அப்பா சொல்ல நினைத்தது

களுதாவளை,
ஞாயிறு இரவு.

அன்பு மகள்,

வியாழக்கிழமை கொழும்பில் அந்தப் பாட்டுக் கம்பனிக்காரரைச் சந்திக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே இருக்கிறா. எனக்கு உறக்கம் இல்லை. போனில் சொல்ல வந்தால் தொண்டை அடைக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் உனக்கு முழுதாகச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. 1998இல் மூன்று பாட்டுப் பாடிப் பதிவு செய்தேன். மெட்டும் என்னுடையது, குரலும் என்னுடையது. ஆயிரம் ரூபாய் தந்து ஒரு தாளை நீட்டினார்கள். வாசிக்கவில்லை. நானே பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த வருஷம் கல்முனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, கோட்டைக்கல்லாறு தாண்டும் இடத்தில் என் பாட்டு போகிறது. பக்கத்தில் இருந்தவரிடம் "இது நான் பாடினது" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களுவாஞ்சிகுடியில் இறங்கி அந்தக் கசெட்டைக் காசு கொடுத்து வாங்கினேன். உறையில் மெட்டு என்ற இடத்தில் வேறொருவர் பெயர். அந்தக் கசெட் இன்னும் அலுமாரியில், அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் கிடக்கிறது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கே கையெழுத்து வைக்காதே. கூத்தில் அவரவர் பாட வேண்டியதை எழுதிய சட்டத்தைக் கொடுத்த அன்றே யாரும் களரி மேடை ஏறுவதில்லை. மாதக் கணக்கில் படித்துப் பழகித்தான் ஏறுவார்கள். தாளை வாங்கி வா, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவோம். நல்ல மனிதர்கள் என்றால் இரண்டு கிழமை பொறுப்பார்கள்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது, மகள். வரியும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி, நீங்கள் மாஸ்டர் என்கிறீர்களே, அது இன்னொன்று. கம்பனிக்காரர் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் கேட்பார்கள். எதைக் கேட்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று தனித்தனியாகக் கேள். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை பாட்டின் உரிமை நிற்கும். எங்கேயும் பதிய வேண்டியதில்லை, நீ பாட்டைக் கட்டியபோதே அது உன்னுடையது. உன் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய சொத்தை ஒரு பின்னேரத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே.

முற்பணம் தருவார்கள். அது சன்மானம் இல்லை. பாட்டு உழைக்கிற காசில் உன் பங்கிலிருந்து அதைக் கழித்த பிறகுதான் உனக்கு மிச்சம் வரும். வீடியோச் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் யார் கணக்கில் விழும் என்பதையும் கேள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிது. உன் இரண்டாவது பாட்டின் தொடக்கம் அப்பப்பா மத்தளம் அடித்துப் பழக்கிய தரு, வடமோடிக் கூத்துப் பாட்டு. அது உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, ஊருடையது. ஒப்பந்தத்தில் அந்த இடத்துக்கு "மரபு மெட்டு" என்றே எழுதச் சொல். நாளைக்கு நம்முடைய களரியில் யாராவது பாடி யூடியூப்பில் போட்டால், கம்பனி உரிமை கேட்டு அதை எடுக்கப் பண்ணிவிடக் கூடாது. இதற்கு அவர்கள் மறுத்தால் அந்தப் பாட்டைக் கொடுக்காதே. மற்றதைக் கொடு.

போவதற்கு முன், மத்தளம் அடிக்கிற தம்பியும் வரி எழுதிய பிள்ளையும் நீயும் இருந்து, யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்து வையுங்கள். காசு வந்த பிறகு கதைத்தால் சிநேகிதம் முறியும். பத்துப் பாட்டைக் கொண்டுபோகாதே, நல்லது மூன்று போதும். போனில் இறக்கி வைத்துக்கொள், அங்கே சிக்னலை நம்பாதே. பாடச் சொன்னால் மைக் இல்லாமல் பாடு. கல்லடிக் கடற்கரையில் காற்றுக்கு எதிரே பாடிய குரல், அதற்கு ஓர் அறை எம்மாத்திரம்?

அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறா, புதன் இரவு பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். வியாழன் முழுக்க போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன். முடிந்து வெளியே வந்ததும் எடு, தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. இந்த முறை நான் வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா