வாந்தி எடுத்தவருக்குத் தம்ளர் வேண்டாம், தேக்கரண்டி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் என் அண்ணன் திடீரென வாந்தி எடுக்கத் தொடங்கினார். நான்கு முறை எடுத்துத் துவண்டுபோனவர் தண்ணீர் கேட்டபோது, நா வறண்டு தவிக்கிறாரே என்ற பதற்றத்தில் ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தேன். கடகடவெனக் குடித்தார், நான் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் அப்படியே ஆயிற்று. செவிலியராகப் பணிபுரியும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் என் தவறு புரிந்தது.

கலங்கியிருக்கும் இரைப்பையில் ஒரேயடியாகத் தண்ணீர் போய் நிரம்பினால், அது விரிவதே அடுத்த வாந்தியைத் தூண்டிவிடும். வாந்தி நின்றதும் பத்து, பதினைந்து நிமிடம் எதுவும் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி என்பது 5 மி.லி.; அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போய்விடும். அன்று கடிகாரத்தைப் பார்த்தபடி கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, அரை மணி நேரத்தில் குமட்டல் தணிந்து அண்ணன் கண்ணயர்ந்ததை நேரில் கண்டேன்.

வெறும் தண்ணீரைவிட மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலே நல்லது. அது கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதன்று. சிறுகுடல் உப்பையும் அதோடு நீரையும் உறிஞ்சிக்கொள்ள அது துணைசெய்கிறது. ஆகவே அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, குறிப்பாக உப்பை. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்; இன்சுலின் போடுபவர்கள், சாப்பிடவில்லையே என்று தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. மயக்கமாகக் கிடப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், அவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழைப்பதும் அவசியம்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. 'சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். வாந்தியோடு நெஞ்சில் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலேகூட மாரடைப்பு வரலாம். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கரிய துகளோ தெரிந்தாலும், தாங்கமுடியாத வயிற்றுவலி அல்லது தலைவலி வந்தாலும், பேச்சு குழறினாலும், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றாலும், கரண்டியளவு நீர்கூட ஒரு நாள் முழுதும் தங்கவில்லையென்றாலும் வீட்டு வைத்தியம் போதாது.

இந்த அபாய அறிகுறிகளைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவில், தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்