அந்தக் கவர்களைப் பிரித்துவிடு பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலை, மாடி மட்டும் ஏறுவதில்லை. முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மார்ச் பிறந்துவிட்டது. ஓய்வு பெற்று 11 வருஷம் ஆகியும், மார்ச் வந்தால் விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறது. டிமாண்ட் எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

போன ஞாயிறு வீடியோவில் சமையலறையைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா? புது மேடைக்கல் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன்மேல் பழக்கூடை, கூடைக்குப் பக்கத்தில் கவர்கள். ஒன்பதோ பத்தோ இருக்கும். முகவரி தெரிய ஜன்னல் வைத்த வெள்ளைக் கவர்கள். மேலே மாப்பிள்ளையின் கார் சாவி பாரமாக வைத்திருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. நீ சட்டென்று போனை ஜன்னல் பக்கம் திருப்பி, "தோட்டத்தைப் பாருங்கப்பா" என்றாய்.

32 வருஷம் வீடு வீடாக ஏறி வரி வசூலித்தவன் நான். பிரிக்காத கவர் ஒரு வீட்டில் எங்கெங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிவிக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, அரிசி டிரம் மேலே. கதவைத் திறந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும், பாக்கி எத்தனை அரையாண்டு என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு உன் முகமும் அப்படித்தான் இருந்தது. நீ "எல்லாம் விளம்பரம்ப்பா" என்றாய். சரி, விளம்பரமாகவே இருக்கட்டும். ஆனாலும் பிரித்துப் பார்த்துவிடு.

போன வருஷம் குலுக்கலில் உன் பெயர் விழுந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்கே தெரியும். வீடு முழுக்கப் புதுப்பித்துத் தருகிறார்கள், ஒரு டாலர் செலவு இல்லை என்றாய். பழைய வீட்டுப் படத்தையும் புது வீட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலத்தெரு முழுக்கக் காட்டினேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் கரண்டும் இல்லாமல், குழாய் வெடித்து, குழந்தையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கிடந்தாயே, அந்த வீட்டுக்கா இப்படி ஒரு விடிவு என்று அத்தை கண் கலங்கிவிட்டாள். என் மகள் அதிர்ஷ்டசாலி என்று நானும் பெருமையாகச் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு டெக்சாஸ் சட்டம் என்ன தெரியும் என்று நினைத்திருப்பாய். சட்டம் தெரியாது. வீடு பெரிதானால் வரி பெரிதாகும் என்பது தெரியும். அது எந்த ஊரிலும் மாறாது. இங்கே 2022-ல் சொத்து வரியைக் கூட்டியபோது, நம்மைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1800-க்கு மேல் போன வீட்டுக்கு 100 சதவீதம். சின்ன வீட்டுக்காரன் முனகிவிட்டுக் கட்டினான். மாடி எடுத்தவர்கள்தான் மலைத்து நின்றார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் உன் நியூஜெர்சி அண்ணனுக்குப் போன் செய்தேன். கோபப்படாதே. உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன், வேறு யாருக்காகக் கேட்பேன்? அவன் கணக்கு வேலையில் இருப்பவன், நிதானமாகச் சொன்னான். பரிசு என்பது அங்கே சம்பளம் மாதிரியே வருமானமாம். பணமாக வந்தாலும் சரி, பொருளாக வந்தாலும் சரி, அதன் சந்தை மதிப்பை உன் சம்பளத்தின் மேல் கூட்டுவார்கள். 2004-ல் ஓப்ரா வின்ஃப்ரே தன் டிவி நிகழ்ச்சிக்கு வந்த 276 பேருக்குக் கார் கொடுத்தாரே, அவர்களுக்கும் ஆயிரக்கணக்கில் வரி வந்ததாம். உனக்குச் செய்த வேலைக்கு 1,20,000 டாலர் என்று பரிசு கொடுத்தவர்கள் எழுதியிருந்தால், 24 சதவீதம் என்று வைத்தாலே 28,800 டாலர். கையில் ஒரு டாலர் வராமல் அத்தனையும் உன் சேமிப்பிலிருந்து போகவேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, இது மத்திய வரி மட்டும். கெடு ஏப்ரல் 15. பரிசின் மதிப்பைத் தெரிவிக்கும் 1099 படிவம் அந்தக் கவர்களில் ஒன்றில்தான் இருக்கும் என்கிறான்.

மாப்பிள்ளை ஏதோ வாடகைக் கணக்கு என்று சொன்னதாக முன்பு சொன்னாய். அதையும் கேட்டேன். குடியிருக்கும் வீட்டை வருஷத்தில் 15 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கு வரி இல்லை என்று ஒரு விதி இருக்கிறதாம். பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றில் வீடு கட்டிக் கொடுத்ததையே அந்த வாடகை என்று காட்டினார்களாம். உன்னுடையது குலுக்கல் பரிசு. உன் வீட்டை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்காதே என்று மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. வீட்டு வரி இனிமேல்தான் வரும். ஜனவரி 1-ந் தேதி வீடு எப்படி இருந்ததோ அதற்குத்தான் அங்கே மதிப்புப் போடுகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்றக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் புதிதாகக் கட்டிய அறைக்கு அந்த வரம்பு கிடையாதாம். ஏப்ரல் வாக்கில் நோட்டீஸ் வரும். மே 15-க்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. செலவழித்த தொகை வேறு, வீட்டின் மதிப்பு வேறு. ஒரு லட்சத்துக்கு அலங்காரம் செய்தால் வீட்டின் விலை ஒரு லட்சம் ஏறிவிடாது. அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போனது என்று எடுத்துவை. பரிசு கொடுத்தவர்கள் மொத்தமாகப் போட்ட மதிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், வேலை செய்தவர்களின் பில்லையும் கேட்டு வாங்கு. பரிசு வரிக்கும் அது உதவும்.

அதற்கு மேல் ஏசி. முன்பு ஒன்று, இப்போது இரண்டு. புல்வெளிக்குத் தண்ணீர். வீட்டு இன்சூரன்ஸை ஏற்றினாயா? ஏற்றாமல் விட்டிருந்தால் பழைய வீட்டுக்குத்தான் பணம் வரும். ஏற்றியிருந்தால் பிரீமியம் கூடியிருக்கும். அங்கே ஆலங்கட்டி மழைச் சேதத்தில் நாம் கட்டவேண்டிய பங்கு இன்சூரன்ஸ் தொகையில் 1 சதவீதம், 2 சதவீதம் என்று வைக்கிறார்களாம். அந்தத் தொகை ஏற ஏற நம் பங்கும் ஏறும். மாதத் தவணையோடு வரியும் இன்சூரன்ஸும் சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்றால் தவணையே ஏறி வரும். கவரைப் பிரித்தால்தான் தெரியும் பாப்பா.

வீட்டை வைத்துக் கடன் மட்டும் எடுத்துவிடாதே. வாங்கச் சொல்லி விளம்பரம் வரும், அதுவும் அந்தக் கவர்களோடு இருக்கும். வருமான வரியைத் தவணையில் கட்ட இடம் இருக்கிறது. 50,000 டாலருக்குள் என்றால் ஆன்லைனிலேயே கேட்கலாமாம். வட்டி உண்டு. ஆனால் தவணையைத் தவறாமல் கட்டினால் வீடு போகாது.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது மூன்று நாள் முன்னால். உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அப்படியே மடித்துவைத்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கிருஹப்பிரவேசத்துக்கு அம்மாவின் ரெட்டை வடத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாய். லாக்கர் சாவி அத்தையிடம் இருக்கிறது, அத்தை ஊரில் இல்லை என்றேன். அந்தச் சங்கிலி லாக்கரில் இல்லை பாப்பா. 2008-ல் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முன்பக்கம் போர்ட்டிகோ போட்டு, தரைக்குக் கிரானைட் பதித்து, மாடியில் அறை எடுத்தேன் அல்லவா? சொசைட்டிக் கடன் போதாமல் சங்கிலியை அடகு வைத்தேன். அது அம்மாவுக்குத் தெரியும். மாடிக்கு வரி ஏறியது, கடனுக்குச் சம்பளத்தில் பிடித்தம், நகைக்கு வட்டி. ஒரு வருஷம் கட்டினேன். அப்புறம் விட்டுப்போனது.

மூன்று பதிவுத் தபால் வந்தது. மூன்றையும் ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, என் டிரங்குப் பெட்டியில் பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். பிரிக்கவில்லை. மற்றவர்கள் வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய கை அது. 2011-ல் ஏலத்தில் போய்விட்டது. முதல் கவரைப் பிரித்திருந்தால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கலாம், தேதியும் தொகையும் அதில் தெளிவாக இருந்தது. மூன்றையும் பிறகுதான் பிரித்துப் படித்தேன். அம்மாவிடம் மீட்டுவிட்டேன், லாக்கரில் இருக்கிறது என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "ரெட்டை வடம் பாப்பாவுக்கு" என்று சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அத்தைக்கும் தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வருகிற ஞாயிறு உனக்குக் காலை எட்டு, எனக்கு ராத்திரி ஏழரை. போனை அந்த மேடைக்கல்லில் பழக்கூடைமேல் சாய்த்துவை. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் நல்லதுதான், இல்லாவிட்டாலும் சரி. நீ ஒவ்வொரு கவராகப் பிரித்து, தேதியையும் தொகையையும் வாசி. நான் இங்கே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தபால் முத்திரையில் பழைய தேதி இருக்கிற கவரிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அப்பா