பொற்காலம் அல்ல, பழைய சரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான கேபிள் சேனல்களின் தொடக்க நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுத் தம்பிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு பத்திகளை வாசித்துக் காட்டினேன். அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் கட்டுரையாளர் அந்த நாட்களைப் 'பொற்காலம்' என்கிறார். அன்று குழந்தைகள்மீது அக்கறை உள்ளவர்கள் சேனல் நடத்தினார்கள், இன்று வியாபாரிகள் நடத்துகிறார்கள் என்று முடிக்கிறார். அங்கேதான் இடிக்கிறது.

அன்றைக்கு மட்டும் வியாபாரம் இல்லாமலா இருந்தது? 1977 டிசம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வார்னர் கேபிள் நிறுவனம் 'கியூப்' என்ற புதிய சேவையைத் தொடங்கியபோது, அதில் ஒரு சேனலைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது. 'பின்வீல்' என்ற ஒரே நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக ஓட்டினார்கள். அதுதான் 1979 ஏப்ரல் 1 அன்று நிக்கலோடியன் ஆனது. தொடக்கத்தில் அதில் விளம்பரமே கிடையாது என்று கட்டுரையாளர் நெகிழ்கிறார். உண்மைதான், கிடையாது. அந்தச் சேனலே ஒரு விளம்பரமாக இருக்கும்போது தனியாக எதற்கு? கேபிள் இணைப்பு வாங்கத் தயங்கும் பெற்றோரிடம், "உங்கள் பிள்ளைக்கென்று தனிச் சேனல்" என்று காட்டத்தான் அது இருந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் விளம்பரங்களும் வந்துவிட்டன. 1983இல் வந்த டிஸ்னி சேனலைப் பார்க்கவோ தனிக் கட்டணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் நிகழ்ச்சியில் மணிக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, வார இறுதியில் பத்தரை, வார நாட்களில் 12 என்று 1990இல் அமெரிக்காவில் சட்டமே போட வேண்டியிருந்தது. அக்கறை பொங்கி வழிந்த காலம் என்றால் சட்டத்துக்கு ஏது வேலை?

கட்டுரையாளர் அதிகம் உருகுவது கார்ட்டூன் நெட்வொர்க்கைப் பற்றி. நானும் அந்தச் சேனலின் பிள்ளைதான். அது பிறந்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் 1986இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தை வாங்கி, கடன் கழுத்தை நெரித்ததால் மற்றதையெல்லாம் விற்றுவிட்டுப் பழைய படச்சுருள்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1991இல் ஹன்னா–பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்தின் கிடங்கும் அவருக்கு வந்தது. வீடு நிறையப் பழைய கார்ட்டூன்கள். என்ன செய்வது? 1992 அக்டோபர் 1 அன்று ஒரு சேனலைத் திறந்து, இரவு பகலாக ஓடவிட்டார். நம் குழந்தைப் பருவம் முழுக்க நம் தாத்தா பாட்டி காலத்துச் சரக்கில்தான் கழிந்தது. நாம் விழுந்து விழுந்து சிரித்த டாம் அண்ட் ஜெர்ரி 1940இல் தொடங்கித் திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டது. ஏழு ஆஸ்கர் விருது வாங்கிய அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்தது, எடுத்து ஐம்பது ஆண்டு கழித்து.

எல்லாம் அந்தத் தரத்தில் இருந்தனவா என்றால், இல்லை. டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் 1957இல் எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டதும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். தொலைக்காட்சி கொடுத்த காசு பழைய செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் வரைவதைக் குறைத்தார்கள். அவர்கள் உருவாக்கிய யோகி கரடி சட்டையே போடுவதில்லை, ஆனால் காலரும் டையும் மட்டும் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? காலருக்குக் கீழே உள்ள உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும், அதற்குத்தான். அவர்களின் இன்னொரு கார்ட்டூனில் ஃபிரெட் பிளின்ட்ஸ்டோன் வீட்டுக்குள் ஓடும்போது பின்னால் அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். என் தம்பி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து, அந்த ஜன்னல்களை எண்ணுவான். "எட்டு ஜன்னல் உள்ள வீடு அண்ணா" என்று ஒரு நாள் அறிவித்தான். மறுநாள் அதே கதை மறுபடி வந்தபோது திருத்தினான்: "ஒன்பது. நேற்று ஒன்றை விட்டுவிட்டேன்."

மறுநாள் அதே கதை வந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் எழுதாமல் விட்டுவிட்டார். எத்தனை முறை! அடுத்து யார் தலையில் எது விழும் என்று நடப்பதற்கு முன்பே சொல்லுவோம். இன்றைய பிள்ளைகளுக்கு முடிவே இல்லாமல் புதிது புதிதாகக் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம், அதையே வைத்துக்கொண்டு நாங்கள்தான் பெருக்கிக்கொண்டோம். அந்தச் சேனலுக்கு என்னைப் பற்றியோ என் தம்பியைப் பற்றியோ எதுவும் தெரியாது. எங்களுக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத் தரவில்லை. கிடங்கில் இருந்ததைப் போட்டது, நாங்கள் அதற்கு ஏற்றபடி வளர்ந்தோம்.

புதிதாக எடுத்தவையும் பிறகு வந்தன. 1991 ஆகஸ்டில் நிக்கலோடியன் ஒரே நாளில் இறக்கிய மூன்று கார்ட்டூன்கள், 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் புதியவர்களை நம்பி எடுக்கத் தொடங்கிய 48 குறும்படங்கள், அவற்றிலிருந்து கிளைத்த டெக்ஸ்டர், பவர்பஃப் சிறுமிகள். இவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

ஆனால் என் நினைவில் முதலில் வருவது அவை அல்ல. 1990களில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் கார்ட்டூன் நெட்வொர்க்குக்கு முழு நாளும் கிடையாது. பகலெல்லாம் கார்ட்டூன், இரவானால் அதே அலைவரிசையில் டி.என்.டி. என்ற திரைப்படச் சேனல். எங்களுக்கு அந்த நேரம் ஒன்பது மணி. அந்தப் படங்களும் அதே டர்னர் கிடங்கிலிருந்து வந்தவைதான். அதனால் என்ன ஆகும் தெரியுமா? டாம் அண்ட் ஜெர்ரிக்கு முன்னால் கர்ஜிக்கும் அதே எம்.ஜி.எம். சிங்கம், ஒன்பது மணிக்கும் வந்து கர்ஜிக்கும். பல் தேய்க்கப் போன தம்பி வாயில் நுரையோடு ஓடி வருவான், இன்னொன்று போடுகிறார்கள் என்று. சிங்கம் தலையைத் திருப்பும். அவன் உட்காருவான். திரை கறுப்பு வெள்ளையாகும். தொப்பி போட்ட ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு யாரிடமோ பேசத் தொடங்குவார்.

தினமும் இது நடந்தது. தினமும் அவன் ஓடி வந்தான்.

நாற்பதைத் தாண்டிவிட்ட அதே தம்பிக்குத்தான் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பொற்காலம், அக்கறை, வியாபாரம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில், "சிங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாரா அண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

இல்லை என்றேன். "அப்படியானால் நீ எழுது" என்றான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்