டோக்கியோ பயணம்: முகவர் தந்த திட்டமும் நாங்கள் போட்ட கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஒரே கல்லூரியில் படித்து, முப்பது ஆண்டுகளாகத் தொடர்பு விட்டுப்போகாத நாங்கள் ஐந்து பேர், வரும் மே மாதம் முதன்முறையாக டோக்கியோ செல்ல ஏற்பாடு செய்து வருகிறோம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடை நடத்துபவர் ஒருவர், வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர் ஒருவர், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் நான். எங்களில் யாரும் இதற்குமுன் கடல் கடந்ததில்லை என்பதால், சேலத்திலுள்ள ஒரு சுற்றுலா முகவரிடம் திட்டம் கேட்டோம். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா என எட்டு நாளில் ஐந்து ஊர்கள், ஏப்ரல் 28 அன்று புறப்பாடு, ஏழு நாள் ரயில் பாஸ் உட்பட, தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் தேதி. ஜப்பானில் ஏப்ரல் 29 அரசு விடுமுறை. மே 3, 4, 5 ஆகிய மூன்று நாள்களும் தொடர் விடுமுறை. இடைப்பட்ட நாள்களுக்கும் விடுப்பெடுத்துக்கொண்டு அந்நாட்டார் குடும்பத்தோடு ஊருக்கும் உல்லாசத்துக்கும் கிளம்பும் இந்தக் காலத்தை அவர்கள் 'தங்க வாரம்' என்கிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஷின்கான்சென் எனும் அதிவேக ரயில்களில் வேகமான நோசோமியில் இந்த நாள்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. இதைக் கேட்டபோது முகவர், "கூட்டம் இருக்கும், ஆனால் பண்டிகைக் களையும் இருக்கும்" என்றார். பள்ளி விடுமுறைக்குள் போய் வந்துவிட வேண்டுமே என்று கவலைப்பட்ட ஆசிரிய நண்பருக்கும் மே 9 அன்று புறப்படுவது ஒத்துவந்ததால், பதினோரு நாள் தள்ளிப்போட்டோம்.

அடுத்தது ரயில் பாஸ். ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸின் விலை 29,650 யென்னாக இருந்து, 2023 அக்டோபரில் ஒரே தாவலில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்செனில் முன்பதிவு இருக்கையில் போய்த் திரும்ப ஆகும் செலவு ஏறத்தாழ 28,000 யென்; கியோட்டோ, நாரா, ஒசாகா ஊர்களுக்கு இடையே ஓடும் சாதாரண ரயில்களுக்குச் சில நூறு யென்களே ஆகும். ஆக, அவருடைய திட்டத்தின்படியே போனாலும் பாஸ் வாங்குவதால் ஆளுக்குச் சுமார் இருபதாயிரம் யென் வீண். ஐந்து பேருக்கு இந்திய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். பழைய விலையில் இந்தப் பாஸ் நல்ல பேரமாக இருந்திருக்கலாம். விலை மாறிய பின்னும் திட்டத்தை மாற்றாமல் விற்பது அறியாமையா வேறெதுவுமா என்பதைத் தீர்மானிக்க நான் விரும்பவில்லை. நோசோமியில் ஏற இந்தப் பாஸ் மட்டும் போதாது, தனிக்கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும் தாளில் இல்லை.

மலையில் வசிக்கும் எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவரும் வேன்கள், ஏரியில் அரை மணி, பகோடா முனையில் கால் மணி, லேடீஸ் சீட்டில் நான்கு புகைப்படம் என்று முடித்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவதை அன்றாடம் பார்க்கிறேன். அவர்களில் பலர் வளைவுகளில் குமட்டியதைத் தவிர ஏற்காட்டைப் பற்றி வேறெதையும் சொல்ல மாட்டார்கள். எட்டு நாளில் ஐந்து ஊர் என்பது அதே வேன்தான்.

ஆகவே ஊரைக் குறைத்தோம். ஏழு இரவும் டோக்கியோவின் உயேனோ பகுதியில் தங்கல். நரிதா விமான நிலையத்திலிருந்து அங்கே நேரடி விரைவு ரயில் இருக்கிறது. நகரைச் சுற்றி முப்பது நிலையங்களோடு வட்டமாக ஓடும் யாமனோதே தடமும் உயேனோ வழியாகவே செல்கிறது. தவறான திசையில் ஏறினாலும் சுற்றிக்கொண்டு வந்து சேரலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாள் மட்டும் அருகிலுள்ள காமகுரா என்ற ஊருக்குச் சென்று வெண்கலப் பெரும்புத்தரைப் பார்ப்பதாக இருக்கிறோம். விசா விண்ணப்பத்தோடு நாள்வாரியான பயண அட்டவணையைத் தர வேண்டியிருப்பதால், இந்த முடிவுகளை முன்கூட்டியே எடுக்க வேண்டியதாயிற்று; ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது அந்தப் படிவம்தான் என்றால் மிகையில்லை. ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் இருப்பதால், 'நிலையத்தில் சந்திப்போம்' என்று யாரும் சொல்லக்கூடாது, வாயிலின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் விதி வைத்திருக்கிறோம். நள்ளிரவு கடந்ததும் ரயில்கள் நின்று, விடியற்காலை ஐந்து மணி வாக்கில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும் என்பதையும் குறித்துக்கொண்டோம்.

உணவு பற்றி முகவரின் தாளில் 'சைவம் கிடைக்கும்' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. வங்கி நண்பர் முட்டையும் தொடாதவர். காய்கறி மட்டும் மிதக்கும் நூடுல்ஸ் கிண்ணத்திலும், பார்க்கச் சைவமாகத் தெரியும் மிசோ சூப்பிலும், அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில் எடுத்த 'தாஷி'யாக இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். அதனால் 'மீன் சாறும் கூடாது' என்பதை ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிவிட்டார். இந்தியர் மிகுதியாக வாழும் நிஷி கசாய் பகுதியில் இட்லி, தோசை கிடைக்கும் என்பது அவருக்குக் கடைசி நம்பிக்கை. பட்டறை நண்பருக்கோ ஷின்ஜுகுவில் உள்ள நாகமுராயாவில் சாப்பிட வேண்டும். 1915-இல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பான் சென்ற விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் தந்த கடை அது. அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் குழம்பை 1927 முதல் அங்கே பரிமாறுகிறார்கள். கோழிக்குழம்பு என்பதால் வங்கி நண்பர் வெளியே காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.

மே மாதம் மாம்பழக் காலமாயிற்றே என்று, நிஷி கசாயில் உள்ள தன் உறவினருக்கு ஒரு பெட்டி சேலத்து மாம்பழம் கொண்டுபோக ஆசிரிய நண்பர் ஆசைப்பட்டார். 'ஜமாய்த்துவிடலாம்' என்றே முகவர் சொன்னார். பழ ஈ அச்சத்தால், நீராவிச் சூட்டில் முறைப்படி பதப்படுத்தாத இந்திய மாம்பழத்தை ஜப்பான் அனுமதிப்பதில்லை. 2018 அக்டோபர் முதல் பயணிகள் கையில் எடுத்துச் செல்லும் பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். விமான நிலையத்தில் பெட்டியோடு நின்று தலைகுனிய நேர்ந்திருக்கும். மாம்பழத்துக்குப் பதிலாக இப்போது ஜவ்வரிசி வடாம் போகிறது. மருந்துக்கடை நண்பரும் எங்கள் மருந்துப் பைகளைப் பிரித்துப் பார்த்து, ஒருவரின் சளி மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்துகளை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மற்ற மாத்திரைகளை ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்பதால் சர்க்கரை மாத்திரையையும் எண்ணி வைத்திருக்கிறோம்.

முகவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் விமானச் சீட்டைக்கூட ஒரு முகவர்தான் எடுத்துத் தந்தார். ஆனால் விமானம், அறை, ரயில், விசா, உணவு, சேவைக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனித் தொகையாக எழுதித் தரச் சொன்னபோது, முதல் முகவர் "அப்படிக் கொடுக்கும் வழக்கமில்லை" என்று மறுத்துவிட்டார். கோடைச் சுற்றுலா விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, இந்தப் பிரிவுகளையும், விலை எந்த மாத நிலவரப்படியானது என்பதையும் விளம்பரதாரர்கள் குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தால், முதன்முறை வெளிநாடு கிளம்பும் சேலத்துக் குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். இதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஏற்காடு